மெர்சி பக்கத்துச் சோறு

போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நாலு வருஷமாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

காரணம் என் மகள் மெர்சி. ஆறு வயது. பேச்சு வரவில்லை. வெறும் வெள்ளைச் சோறுதான் சாப்பிடுவாள். அதில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் போதும், அலறுவாள். மதுரை டாக்டர் 'ஆட்டிஸம்' என்றார். எதனால் வருகிறது என்று கேட்டேன். அம்மாவிடம் பாசம் குறைந்தால் வருமாம். அந்த ஆளை அறையாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

நான் நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம். 'ஜெபம் போதலை' என்றார்கள் என் வீட்டில். என் கணவர் வீடு தாமிரபரணிக்கரை விவசாயக் குடும்பம். 'குலசாமியை மறந்துட்டான்' என்றார்கள் அங்கே. வைத்தியம்தான் வேறு வேறு... விருந்தில் இரண்டு வீடும் ஒன்றுதான். வேண்டாம், வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, ஆசையாகக் குழம்பை ஊற்றினார்கள். அவள் அலற, சாப்பிடாமலே தூக்கிக்கொண்டு வெளியேறினேன். அத்தோடு விருந்துக்கு ஒரு கும்பிடு.

முத்தையாபுரத்தில் எங்கள் அடுத்த வீடு பாத்திமா லாத்தா. லாத்தா என்றால் அக்கா. தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தார்.

"புள்ளய விட்டுட்டு வந்தா வாசல்லயே நிப்பாட்டிருவேன், டீச்சர்."

போனேன். அவர்கள் வழக்கப்படி, 'சஹன்' என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். எதிரே இருப்பவர் கறியை ஊற்றினால் மெர்சியின் சோறு என்ன ஆகும்?

லாத்தா மெர்சியைத் தொடவில்லை, கொஞ்சவில்லை. தட்டின் ஓரத்தில் அவளுக்கென்று வடித்த வெள்ளைச் சோற்றை வைத்தார். மற்றவர்களின் நெய்ச்சோற்றைத் தள்ளி ஒதுக்கி, நடுவே விரலால் கோடு கிழித்தார்.

"இது அவ நாடு. யார் கறியும் இங்கன வரப்படாது."

"அப்ப பாஸ்போர்ட் வேணுமோ?" — எதிரே இருந்த அவர் நாத்தனார்.

"ஒனக்கு எவனும் தர மாட்டான். பேசாமத் தின்னு."

மெர்சி கோட்டைப் பார்த்தாள். எங்கள் கைகளைப் பார்த்தாள். ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய்... மிச்சம் வைக்காமல் தின்றாள்.

"புள்ளைக்கு என்ன செய்யுது?" என்று பக்கத்துத் தட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன். லாத்தா முந்திக்கொண்டார்.

"கொழம்பு புடிக்காது."

அவ்வளவுதான் பதில். கேட்டவளும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்... இரண்டு வார்த்தை போதுமென்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நானா? கறியை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.