சாத்துக்குடியும் அரை அங்குலத் துளையும்

போன ஐப்பசியில் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

தச்சநல்லூரில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு நாற்பத்தாறு வயது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஆஸ்பத்திரியை முடிவு செய்தது மாப்பிள்ளை வீட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவன் இப்படிப்பட்ட நேரத்தில் பழம் வாங்கிக்கொண்டு போய் ஓரமாக நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நானும் சாத்துக்குடிப் பையோடு அப்படித்தான் நின்றேன்.

மருத்துவர் உற்சாகமாகப் பேசினார். வயிற்றைத் திறக்க வேண்டாமாம். அரை அங்குலத்தில் மூன்று துளை, மறுநாளே வீட்டுக்குப் போகலாமாம். கட்டி சாத்துக்குடி அளவு என்று ஸ்கேனைக் காட்டியவரும் அவர்தான். எதையும் அளந்து கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு. கையிலிருந்த பையைப் பார்த்தேன். இது அரை அங்குலத்தில் எப்படி வெளியே வரும்? கேட்டேவிட்டேன்.

"உள்ளேயே மெஷினால பொடிசா நறுக்கி எடுத்துருவோம்."

"அதுல கெட்டது ஏதும் ஒளிஞ்சிருந்தா? நறுக்குத இடத்துல சிதறாதா?"

அவர் முகம் மாறியது. "அதெல்லாம் அபூர்வம் சார். அதைச் சொன்னா ஒருத்தரும் ஆபரேஷனுக்கு வர மாட்டாங்க."

மாப்பிள்ளை என்னை வெளியே இழுத்துப் போனார். "மாமா, டாக்டர்ட்டப் போயி பள்ளிக்கூடக் கணக்கு கேக்குதியளே!"

மகள் மட்டும், "அப்பா கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லலியே" என்றாள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள்.

பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். புற்று ஒளிந்திருப்பது அபூர்வம்தான், ஆனால் ஸ்கேனில் அடித்துச் சொல்ல முடியாது, இருந்து நறுக்கினால் துணுக்குகள் வயிறெங்கும் பரவலாம் என்றார். கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு உறைப்பைக்குள் போட்டு நறுக்கினால் ஆபத்து குறையும். திறந்து முழுசாக எடுத்தால் நறுக்கவே வேண்டாம், ஆனால் வலி அதிகம், ஆறுவதற்கு நாளாகும். இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மகள் திறந்தே எடுக்கச் சொன்னாள். எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான்.

மாப்பிள்ளை சிரித்தார். "பாத்தியளா மாமா, உங்க கணக்கால வீணா ஒரு தழும்பு."

மகள் படுக்கையிலிருந்தே சொன்னாள்: "தழும்பு என் வயித்துலதான? நான் தெரிஞ்சு வாங்கிக்கிட்டது. அங்கன போயிருந்தா, எதை வாங்குதோம்னே தெரியாமல்லா வாங்கியிருப்பேன்."

முதல் மருத்துவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அவர் நறுக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தன் வயிற்றுக்குள் என்ன நேரலாம் என்று என் மகள் தெரிந்துகொள்வதற்கு, பழம் கொண்டுவந்த ஒரு கிழவன் மரியாதை கெட்டு வாய் திறக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.