விருந்தாளிக்குச் சொல்லும் பதில்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவின் கல்லூரி நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு அடுகோடி வொர்க்‌ஷாப்பில் கார்களுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கரிங் வேலைக்குப் போனவன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா லிங்கராஜபுரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா வீடுகளில் சமையல் வேலை செய்து எங்களை வளர்த்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அக்கா நர்சிங் டிப்ளமா முடித்து வார்டில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே டிகிரியும் மேல்படிப்பும் முடித்து, நர்சிங் கல்லூரியில் ஆசிரியையானார். கல்யாணப் பேச்சுகளை அவரே தள்ளிப் போட்டார். பிறகு யாரும் பேசவில்லை. கடைசிவரை என் குடும்பத்தோடுதான் இருந்தார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார். படுத்த படுக்கையானவர்களை வீட்டார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், முதுகில் புண் வராமல் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. அன்றிலிருந்து தெருவில் எல்லோரும் “டாக்டரம்மா” என்பார்கள். “இன்னும் ஆகலைங்க” என்று ஒவ்வொரு முறையும் நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வண்டியில் வீடு வீடாகப் போவோம். நான் வாசலிலேயே நின்றுகொள்வேன். எந்த வீட்டிலும் பதில் ஒன்றுதான்: “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி கரெக்டா பொரட்டிடறோம் மேடம்.” இப்படியே சில ஆண்டுகள் போயின.

மர்பி டவுனில் பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகள் இருந்தார். அவரும் அதையே சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பினார். தெருமுனை தாண்டிய பிறகுதான் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. திரும்பிப் போனபோது பெரியவர் பழைய புடவை மேல் கிடந்தார். சற்றுமுன் விரித்திருந்த பூப்போட்ட பெட்ஷீட்டை அந்த அம்மா மடித்துக்கொண்டிருந்தார்.

“இது பக்கத்து வீட்டுது மேடம். நீங்க வர்றீங்கன்னு வாங்கியாந்தேன்.”

“அப்போ, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி?”

“எங்க மேடம்? நான் ஒருத்தி. அவர் கனமா இருக்காரே. எங்க வீட்டுக்காரர் வந்தாத்தான் தூக்க முடியும். வந்த மனுஷிகிட்ட போய் மூக்கால அழச் சொல்றீங்களா?”

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவரும் சேர்ந்து பெரியவரைப் புரட்டினார்கள்.

வரும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து சொன்னார்: “எல்லா வீட்லயும் விருந்தாளிக்குத்தான்டா பதில் சொல்லியிருக்காங்க.”

சேர்த்த பதில்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வழிகாட்டிப் பேராசிரியர் கோபித்துக்கொண்டார். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அக்கா பழைய சுடிதாரில் போய் அந்த வீடுகளில் அரை நாள் உட்கார்ந்து, காய் நறுக்கிக் கொடுத்து, எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுவார். “எப்ப அண்ணி முடியும் இது?” என்று என் மனைவி கேட்டால், “எனக்கும் அலுத்துப்போச்சும்மா” என்பார். அடுத்த ஞாயிறும் கிளம்புவார்.

முதுகுவலியை அலைச்சல் என்று நினைத்தோம். முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆய்வேட்டின் கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல, அவரோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் டைப் செய்தார். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாகிவிட்டது. பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு மட்டும் மீதி. உட்கார முடிந்தால் போதும், போய்விடலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார முடியவே இல்லை.

ஒருநாள் அந்த டீச்சர் பழங்களோடு வந்தார். “அண்ணா, டீச்சரைப் பொரட்டிப் படுக்க வைக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டிங்க” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “விருந்தாளிக்குப் பதில் சொல்றான். நம்பாத. காலையில ஒண்ணு, இவன் வொர்க்‌ஷாப்பிலேர்ந்து வந்தா ஒண்ணு. நடுவுல பாவம், இவ தனியா என்ன பண்ணுவா? எழுதினா அதை எழுது” என்றார். என் மனைவி சிரித்தபடியே அடுப்படிக்குப் போய் அழுதார்.

தேர்வு நடக்காமலேயே அக்கா கர்த்தரிடம் போய்விட்டார்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுத்த என் மச்சான், “அக்கா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுடலாம் மச்சான். யார் வந்து சர்டிபிகேட் கேக்கப்போறாங்க? வர்றவங்க பார்த்தா கௌரவமா இருக்கும்ல?” என்றார். ஆசையில்தான் கேட்டார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர்களுக்கும், முறைவைத்து வந்து ஜெபித்த பாஸ்டருக்கும் சபைச் சகோதரிகளுக்கும், டைப் செய்து கொடுத்த டீச்சருக்கும், தங்கள் வீட்டுக் கஷ்டத்தை மறைக்காமல் அக்காவுக்குக் காட்டிய அத்தனை குடும்பங்களுக்கும் நன்றி. மர்பி டவுன் அம்மா கடைசி வாரங்களில் மத்தியானம் பஸ் பிடித்து வந்து, என் மனைவியோடு சேர்ந்து அக்காவைப் புரட்டிவிட்டுப் போவார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். முகப்பில் அக்காவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அது மட்டும் விட்டுப்போனதல்ல.