புளியடிக்கு ஒரு பராஜ்

சிவகலாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால், "உங்களுக்கு வேற வேலை இல்லையோ அண்ணை" என்றுதான் சொல்வாள். ஆனால் போன ஆவணியில் வின்டர்தூர் மைதானத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகக் கதைத்துத் திரிகிறார்கள். தாய் அழுதாளாம், மகன் அழுதானாம், தகப்பன் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தானாம். ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். என் பெயர் மரியதாஸ். பீல் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன், எங்கள் சனத்தின் விளையாட்டு விழாக்களில் அறிவிப்பாளர் வேலையும் பார்க்கிறேன். வாய் நீளம் என்று பெயரெடுத்தவன்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன்.

சிவகலாவும் பீலில்தான் இருக்கிறாள். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பூட்டுகிற வேலை. சாமணத்தால் முள்ளைப் பிடித்து நடுவில் இறக்க வேண்டும், மூச்சு விட்டால் பறந்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மேசையில் இருக்கிறாள். அதனாலோ என்னவோ, ஆள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் திரும்ப எடுக்கவும் மாட்டாள்.

அவளுடைய ஊர் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் கடலோரம். தொண்ணூறாம் ஆண்டு போரில் ஊரே எழும்பி ஓடியபோது அவளுக்குப் பதினைந்து வயது. அவள் படித்தது புளியடி அம்பாள் வித்தியாலயம் என்கிற சின்னப் பள்ளிக்கூடம். பிறகு அந்த நிலம் முழுக்க இராணுவத்திடம் இருந்தது. காணியைத் திரும்ப விட்டபோது போய்ப் பார்த்தவர்கள், பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் அத்திவாரக் கல்கூட இல்லை என்று சொன்னார்கள். இடம்பெயர்ந்த பிறகு வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பில் இருந்துதான் சோதனை எழுதினாள். அதைத் தன் பள்ளிக்கூடமென்று ஒருநாளும் சொன்னதில்லை. "அது நாங்கள் ஒதுங்கின இடம்" என்பாள்.

கட்டியது தவராஜாவை. நல்ல மனுசன், உணவகச் சமையல்காரன், காலேஜ் பைத்தியம். அவன் படித்தது யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெயர்போன ஆண்கள் கல்லூரி. எதுவென்று எழுதினால் நாளைக்கே எனக்கு நாலு தொலைபேசி வரும், ஆகவே விடுகிறேன்.

இனிக் கிண்ணத்துக்கு வருவோம். இங்கே எங்கள் ஒவ்வொரு கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை எட்டுக் கல்லூரிகள் வின்டர்தூரில் கூடிக் காற்பந்து ஆடும். அதுதான் கல்லூரிகள் கிண்ணம். பழைய மாணவர்களுக்கு வயிறு முன்னுக்குத் தள்ளி வண்டி வைத்துவிட்டதால் இப்போது ஆடுவது அவர்களுடைய பிள்ளைகள். பீலில் பிறந்து, பிரெஞ்சில் கனவு காண்கிற பெடியன், விடுமுறைக்கு இரண்டு தரம் பார்த்த ஒரு கட்டடத்தின் மானத்துக்காக முழங்காலை உடைத்துக்கொள்வான். வெளியாள் பார்த்தால் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

முதல் ஆட்டத்துக்கு முன் எட்டுக் கொடியும் ஏறும், எட்டுக் கல்லூரிக் கீதமும் பாடப்படும். அந்த நேரத்தில் பற்றிஸ் பொரிக்கிறவன்கூட அடுப்பைக் குறைத்துவிட்டு எழுந்து நிற்பான். எட்டு என்பது ஏதோ கோயில் உரிமை மாதிரி. தொடங்கின அன்றைக்கு அறைக்குள் யார் யார் இருந்தார்களோ அவர்களுடைய கல்லூரிகள்தான் இன்றைக்கும். கடைசியாக வந்தவன் அடுத்த வருடமும் வருவான், வெளியில் நிற்பவன் வெளியில்தான்.

கணவனின் கல்லூரிக் கூடாரத்தில் சிவகலா றோல்ஸ் விற்பாள். கீதம் தொடங்கினால் நிமிர்ந்து நின்று முழுவதையும் பாடுவாள். ஒருமுறை நான் பகிடியாக, நீ அந்தப் பெடியன்களின் காலேஜில் கள்ளமாகப் படித்தாயோ என்று கேட்டேன். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"எங்கட பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பாட்டு இருக்கண்ணை. முப்பத்தைஞ்சு வருசமா அதுக்கு ஆரும் எழும்பி நிக்கேல்லை."

ஒரு றோல்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இந்த எண்ணம் அவளுக்கு வந்தது தொழிற்சாலையில். பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரி ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஏனென்று கேட்டால், அவளுடைய காற்பந்துக் கழகம் பராஜில் தோற்றுவிட்டதாம். பராஜ் என்றால் என்னவென்று இவள் கேட்டிருக்கிறாள். மேல் பிரிவில் கடைசிக்குக் கிட்ட வந்தவனும், கீழ்ப் பிரிவிலிருந்து ஏற நிற்பவனும் மோதுவது. வென்றவன் மேலே, தோற்றவன் கீழே. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். சிவகலா அன்றைக்கு வேலை முடிந்து என் பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் இருந்து, இறங்கும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். வெளியே நிற்பவர்கள் பலர் என்றால் என்ன செய்வது, அவர்கள் முதலில் தங்களுக்குள் ஆடலாமா, வருடத்துக்கு ஒருவர் உள்ளே வந்தால் எத்தனை சின்னப் பள்ளிக்கூடங்கள் வரலாம் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்திருந்தாள். அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

பங்குனியில் கிண்ணக் குழு பாடனில் கூடியது. குழுவைப் பற்றி என்ன சொல்ல, தேத்தண்ணி குடிக்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தை எப்போது வைப்பதென்று இன்னொரு கூட்டம். சிவகலா கடைசி வரிசையிலிருந்து எழுந்து பராஜ் என்றாள். பரசோ, பரசுராமரும் வாறாரோ என்று ஒருவர் நக்கலடித்தார், நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடியும்வரை அவள் நின்றுவிட்டு விளக்கினாள். கடைசியாக வந்த கல்லூரிக்கும் புளியடிக்கும் ஒரேயொரு ஆட்டம், வென்றவர் உள்ளே.

உடனே ஆட்சேபங்கள் வந்தன. இது கல்லூரிகள் கிண்ணம், உங்களுடையது வித்தியாலயம். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லையே. அங்கே படித்த ஆண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு ஆடுகிற வயதில் பெடியன்கள் உண்டோ? கடைசிக் கேள்வியில் குழு வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டது. அந்த ஊர் ஆண்களில் பலர் போரைத் தாண்டி வெளியேறவே இல்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அவள் கேட்டாள்:

"பழைய மாணவற்ற பிள்ளையள் விளையாடலாம் எண்டுதானே சொல்லுறியள். நாங்கள் ஆர்? புளியடியில படிச்ச பொம்பிளையள் இந்த நாட்டில எத்தினை பேர் இருக்கிறம். எங்கட வயித்தில பிறந்தது எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் இல்லையோ?"

இருபது வருடமாகத் தகப்பனின் கல்லூரிதான் பிள்ளையின் கல்லூரி என்று நடத்தி வந்திருக்கிறோம். அப்படி ஒரு விதியை யாரும் போட்டதில்லை. போடத் தேவையே இல்லை என்று நினைத்திருந்தோம், நானும்தான். தலைவர் சண்முகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் குழுக்காரர்தானே, ஒரு முடிச்சுப் போட்டார்கள். பராஜ் காலையில், தொடக்க விழாவுக்கு முன்பே நடக்கும். தோற்றால் கொடியும் இல்லை, கீதமும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கீதம் மட்டும்தான். சரி என்றாள்.

போன வருடம் கடைசியாக வந்த கல்லூரி எது? தவராஜாவின் கல்லூரி. அது நினைவுக்கு வந்ததும் கூட்டம் மறுபடி சிரித்தது. தவராஜா சிரிக்கவில்லை. கோபிசன் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களின் ஒரே மகன், எட்டு வயதிலிருந்து தகப்பனின் கல்லூரிச் சட்டை போட்டவன், அந்த அணியின் முன்வரிசைக்காரன். அதில் கேட்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதங்களில் சிவகலா தொலைபேசியும் கையுமாகத் திரிந்தாள். லொசானில் ஒருத்தி, சென் காலனில் ஒருத்தி, லுகானோவில் ஒருத்தி என்று கூடப் படித்த பெண்களைத் தேடிப் பிடித்தாள். சிலருடைய கணவர்மார் தங்கள் பெடியனை விடவில்லை. ஒருவர் அவளிடமே, மானத்தை வாங்காதே என்று கத்தினாராம். இருந்தும் ஒரு அணி சேர்ந்தது. ஒருவனுக்குப் பிரெஞ்சு, ஒருவனுக்கு ஜெர்மன், ஒருவனுக்கு இத்தாலியன். மைதானத்தில் ஒருவரையொருவர் கூப்பிட அவர்களுக்குத் தமிழை விட்டால் வேறு மொழி இல்லை. பந்தைத் "தா, தா" என்று அவர்கள் கத்தியபோது, நான் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு சிரித்தேன். சந்தோசமாக இருந்தது.

ஆட்டத்தன்று காலை பீலிலிருந்து சிவகலா குடும்பத்தை என் வான் வண்டியில்தான் கூட்டிப் போனேன். தவராஜா எனக்குப் பக்கத்தில், தாயும் மகனும் பின்னால். ஓல்டன் என்ற ஊரைத் தாண்டியதும் சிவகலா சொன்னாள்:

"கோபி, எனக்காண்டி விட்டுக்குடுத்து விளையாடாத. அப்பிடி வந்தா அந்தப் பாட்டை நான் பாட மாட்டன்."

கண்ணாடியில் பார்த்தேன், அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்தை நான் பெரிதாக வர்ணிக்கப் போவதில்லை. புளியடிப் பெடியன்கள் நன்றாக ஆடினார்கள், கல்லூரி பயந்து ஆடியது. யாருக்கும் கோல் விழவில்லை. பெனால்டி உதை. மாறி மாறி அடித்ததில் கடைசி உதை கல்லூரிக்கு வந்தது. அடித்தால் வெற்றி, தவறினால் தொடரும். கோபிசன் பந்தை வைத்தான்.

கோட்டுக்கு வெளியே புளியடியில் படித்த பெண்கள் கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றார்கள். சிவகலா மட்டும் தனியே நின்றாள். தவராஜா கூடாரத்துக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டான். இத்தனை வருடத்தில் ஒரு உதையைப் பெயர் சொல்லி அறிவிக்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

கோபிசன் நேரே ஓடிவந்து முழுப் பலத்தோடு அடித்தான். பந்து மூலையில் போய் வலையைத் தூக்கியது. விட்டுக்கொடுக்கவில்லை. தாய் சொன்னபடியே செய்தான். கல்லூரிக்காரர் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லிக் கையால் தள்ளினான்.

குழுக்காரருக்கு நெஞ்சு இளகியது என்பதையும் சொல்ல வேண்டும். சண்முகலிங்கம் தானே சிவகலாவிடம் நடந்து போனார். விதி கிடக்கட்டும், இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகள், கடைசியாக உங்கள் பாட்டையும் பாடலாம் என்றார். நான் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அவள் அதை வாங்கினால் போதும் போலிருந்தது.

அவள் வாங்கவில்லை. "தோத்தவைக்குப் பாட்டு இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அடுத்த வருசம் வெண்டு வாறம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

எட்டுக் கொடிகளும் ஏறின. கீதங்கள் நடந்தன. அது முடிந்து அணிகள் கலைந்தபோது கோபிசன் நேரே தாயிடம் வந்தான். நான் இரண்டடி தள்ளி ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.

"நல்லா அடிச்சாய்" என்றாள் தாய்.

"லுகானோவில இருக்கிற பெடியனுக்கெல்லாம் போன் எடுத்துக் கேட்டனீங்கள்" என்றான். "என்னை ஏன் அம்மா கேக்கேல்லை?"

சிவகலா திகைத்துப் போனாள். குழுவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கேட்டவள், மகனுக்கு முன்னால் சொல் தேடினாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பியோ?"

"ஓம்."

அவள் கை அவனுடைய சட்டையில் இருந்த கல்லூரி இலச்சினையில் போய் நின்றது. அதை ஒருமுறை தடவினாள்.

"நீ அப்பான்ர பள்ளிக்கூடம் எண்டு நினைச்சிட்டனடா" என்றாள்.