குழாயில் கட்டிய எர்த் வயர்

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஆகவே, நடந்ததற்கு அறியாமை என்று சாட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஆசிரியர் விடுதியில் நானும் மனைவியும் இருந்தோம். லண்டனிலிருந்து மைத்துனர் மோல்ட் பாகும் ஹொப்ஸ் பூவும் அனுப்பியிருந்தார். எல்ல என்ற ஊரில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் எவர்சில்வர் பீர்ப் பீப்பாய் ஒன்றும் கிடைத்தது. வீட்டில் பீர் காய்ச்ச வேறென்ன வேண்டும்? மனைவிக்குக் குடி ஆகாது. அவளிடம் மட்டும், "உமக்குக் குளிக்கச் சுடுதண்ணி போடத்தான்" என்றேன். அவளுக்குக் கைகால் உளைவு. நம்பிவிட்டாள்.

தோட்டத்துத் தொழிற்சாலை எலெக்ட்ரீசியன் என் கூட்டாளி. பீப்பாயில் மிஞ்சிய காற்றை இறக்கி, தலையை அறுத்து, அடியில் ஒரு பழைய ஹீட்டரை ஒரு சொட்டும் கசியாமல் பூட்டினார். எர்த் மட்டும் பாக்கி.

"பின்னால குழி வெட்டுவோம் சேர். செப்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும்."

பின்னால் இருந்தது மனைவியின் லீக்ஸ் பாத்தி. சுடுதண்ணிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பாள். "தண்ணிக் குழாயிலை கட்டினால் காணும், தம்பி. இரும்பு மண்ணுக்குள்ளைதானே போகுது."

"குழாயிலயா?"

"பௌதிகம் படிப்பிச்சது நீரோ நானோ?"

"வாத்தியாரு சொன்னா சரிங்க." சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனார். வயரை நானே கட்டினேன்.

எங்கள் இரும்புக் குழாய் சுவரோடு முடிந்துவிடும். அப்பால் மலை ஊற்றிலிருந்து வருவது கறுப்பு பிளாஸ்டிக் குழாய். தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மனைவி தண்ணீர் சுடவைத்துப் பீப்பாயைத் தொட்டிருக்கிறாள். ஹீட்டர் கசியவிட்ட கரண்டுக்கு இறங்க மண் கிடைக்கவில்லை. அவள் கை கிடைத்தது. தூக்கி எறிந்துவிட்டது. நான் வந்தபோது முழங்கை வீங்க உட்கார்ந்திருந்தாள். எலெக்ட்ரீசியனும் நின்றார்.

"தம்பி, இது என்ன வயரிங்? ஆளைச் சாக்காட்டவோ?" என்று மனைவி அவரைக் கேட்டாள்.

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்தால் பீர் வெளியே வரும். நான் திறக்கவில்லை.

"தப்புதாங்கம்மா," என்றார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மின்சாரம் வரவிருந்த நேரம் அது. அறைகளுக்கு வயரிங் செய்ய அவரைத்தான் பேசியிருந்தார்கள். 'வாத்தியாரம்மாவையே கரண்டு தூக்கிப் போட்டுருச்சாம்' என்ற கதை பரவ, பதுளையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிறு எலெக்ட்ரீசியன் வந்து, லீக்ஸ் பாத்தியிலேயே குழி வெட்டி, புது ஹீட்டரும், கரண்டு கசிந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்சும் பூட்டினார். மனைவி கதிரை போட்டுக் காவல் இருந்தாள். அவள் கோயிலுக்குப் போன நாட்களில் நான் பீர் காய்ச்சினேன். நன்றாக வந்தது. அதுதான் கேவலம்.

ஆறு மாதம் கழித்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கேன் சொல்லுறியள்? லயத்திலை போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

கதவு கதவாகப் போனேன்.

"அப்ப சுடுதண்ணிக்கு இல்லையா சேர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லை. பீருக்கு."

"நல்லா இருந்துச்சுங்களா?"

"இருந்தது."

லயமே சிரித்தது. எல்லோரும் மன்னித்தார்கள். ஆனால் அதற்குள் அறைகளில் பதுளை ஆளின் வயர் ஓடி முடிந்திருந்தது. என் கூட்டாளி கைபட்ட வயரிங் ஒரே ஓர் அறையில்தான் இருந்தது. அது அவர் குடியிருந்த அறை.