மிலாறு போட்ட தரை

தறப்பாளுக்குள் தரை போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு வெள்ளைக்காரன். நேரில் இல்லை, கைபேசியில். எந்த நாட்டுக் காடோ தெரியாது. ஒரே பிளாஸ்டிக் தறப்பாளை மடித்து, அடியில் தரை, பின்னால் சுவர், மேலே கூரை என்று வரும்படி கட்டிவிட்டு, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்தான். தாடி வைத்த முகமெல்லாம் சிரிப்பு. விடுமுறைக்கு வந்தவன், சிரிக்காமல் என்ன செய்வான்? சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல என்ற ஊர்ப் பக்கம் போனால் இவனைப் போன்றவர்கள் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுப்பதைப் பார்க்கலாம். எனக்கு அந்த மனிதன் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. இருந்தாலும் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதலில் மண்ணில் கீறிய கோடு மாதிரி இருந்தது. மழை விடாமல் பெய்ததும் கை நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அள்ளிக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினோம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று அங்கிருந்தும் கிளப்பி, பக்கத்து விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்கு ஒரு தறப்பாள். இரண்டு கிழமை, பதினாலு நாளைக்குத்தான் என்றார்கள். நம்பினோம். நம்பாமல் எங்கே போவது?

குடும்பம் என்றால் அப்பா, நான், தங்கை. அம்மா போய்ப் பல வருடமாகிறது. தங்கையின் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். நாலு நாள் லீவு கேட்டால் ஐந்தாம் நாள் வேலை இருக்காது. நான் அப்புத்தளையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். டவுனில் வாடகைக்கு அறை தேடாமலில்லை. என் சம்பளத்தைச் சொன்னதும் எல்லாருக்கும் திடீரென்று அந்த அறையில் தங்கச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

தங்கைக்கு அப்போது ஒன்பதாவது மாதம். அவளுடைய முதல் பிள்ளை மூன்று மாதம்கூட இருக்கவில்லை. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தரை வியர்க்கும். மழைக்காலத்தில் பாய்க்கு அடியில் கையை வைத்தால் நனைந்துவிடும். சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த பிள்ளை இது. இந்தப் பிள்ளை ஈரத்தில் கிடக்கக் கூடாது. வீடு, காணி, உறுதிப் பத்திரம் என்றெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது காய்ந்த தரை ஒன்றுதான்.

அப்பாவுக்கும் எனக்கும் முதல் சண்டையே அதில்தான். ஒரு தறப்பாளில் தரையையும் மடித்துவிட்டால் இடம் குறுகிவிடும். மூன்று பேர் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். தரை வேண்டாமென்றால் தாராளமாகக் காலை நீட்டலாம்.

“ரெண்டு கெழமைக்கு எதுக்கும்மா தர? சாக்கப் போட்டு படுத்துக்கலாம்” என்றார் அப்பா.

“ரெண்டு கெழமன்னு அவுங்க சொன்னா, நீங்களும் அதையே சொல்லுவீங்களா? புள்ள பொறந்து வந்தா எங்க போடுறது? சாக்குலயா?”

“ஒனக்கு எல்லாத்துக்கும் கோவந்தான்” என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு சவுக்குக் கம்பு வெட்டப் போனார். அப்பா தோற்றுப்போனால் இப்படித்தான், ஏதாவது வெட்டப் போய்விடுவார்.

கம்புகளை நட்டுக் குறுக்கே ஒன்றைக் கட்டினோம். தறப்பாளின் மூன்றில் ஒரு பங்கைத் தரையில் விரித்து, மிச்சத்தைப் பின்பக்கம் தூக்கி, குறுக்குக் கம்புக்கு மேலால் முன்னே இறக்கினோம். ஓரத்து வளையங்கள் இரண்டு ஏற்கெனவே பிய்ந்திருந்தன. அந்த இடத்தில் ஒரு கல்லை உள்ளே வைத்து, துணியில் காசு முடிகிற மாதிரி முறுக்கி, அதன் கழுத்தில் நைலோன் கயிற்றைக் கட்டினார் அப்பா. தாடிக்காரன் செய்ததைப் போலவே வந்திருந்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, “வீடு மாதிரியே இருக்குக்கா” என்றாள். எனக்கும் கொஞ்சம் கர்வம் தலைக்கேறத்தான் செய்தது.

பிறகு அப்பா மழைத் தண்ணீருக்காகச் சுற்றிவரக் கான் வெட்டினார். அவருடைய தொழிலே அதுதான். பென்ஷன் வாங்கும்வரை இந்த மலையில் கான் வெட்டியவர். நூல் பிடித்தது போல வெட்டி, ஓரம் தட்டி, மண்வெட்டியைக் கழுவி வைத்தார். மைதானத்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அதே தொழில்தான். அன்று மாலைக்குள் ஒவ்வொரு தறப்பாளைச் சுற்றியும் பார்க்க ஆசையாக ஒரு கான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மழை அடித்தது. பதுளைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தபோதே தெரியும். நான் கடைக்குப் போகாமல் வீட்டில், அதாவது அந்தக் கூடாரத்தில், இருந்தேன். கானில் தண்ணீர் நிறைந்தது. ஓடவில்லை, நிறைந்து அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் தரைத் தறப்பாளுக்கு அடியில் மண் குழைந்து, கால் வைத்த இடமெல்லாம் புதைந்தது. போதாக்குறைக்குக் கூரைக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த தரை விளிம்பு, மழையை வாங்கி வாங்கி உள்ளே ஊற்றியது. தங்கை தகரப் பெட்டி மேல் ஏறி, காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தேயிலை மலையில் கான் வெட்டினால் நடுவே அங்கங்கே மண் தடுப்பு விடுவார்கள். தண்ணீர் ஓடிவிடக் கூடாது. நின்று, வண்டலை இறக்கிவிட்டு, மெதுவாக நிலத்துக்குள் இறங்க வேண்டும். ஓடவிட்டால் மண்ணும் போய், தேயிலையும் போய்விடும். அப்பா கைப்பழக்கத்தில் இங்கேயும் அதே தடுப்புகளை விட்டிருந்தார். அவர் மட்டுமா? மைதானம் முழுக்கத் தடுப்பு வைத்த கான்கள். பெய்த மழையில் ஒரு சொட்டு வீணாகாமல் எங்கள் பாய்களுக்கு அடியில் இறக்கிக்கொண்டிருந்தோம்.

“அப்பா, அந்தத் தடுப்ப ஒடைங்க!” என்று கத்தினேன்.

“தண்ணிய ஓட விடுறதுக்கா நான் இத்தன காலம் கான் வெட்டுனேன்?” என்று அவரும் கத்தினார். மழைச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தினால்தான் கேட்கும். கத்தி முடித்து, தான் சொன்னது தனக்கே விளங்கி, நனைந்துகொண்டு சும்மா நின்றார். பிறகு குனிந்து ஒவ்வொரு தடுப்பாக வெட்டித் தள்ளினார். பக்கத்துக் கூடாரத்து ஆட்களும் பார்த்துவிட்டுத் தங்கள் தடுப்புகளை உடைத்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்கு மண் காத்தவர்களுக்குத் தாங்கள் படுக்கிற மண்ணைக் காக்கத் தெரியவில்லை. யார் கற்றுக் கொடுத்தார்கள்?

அடுத்த நாளே எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்டினோம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு சுமந்து வந்தோம். அடுப்பெரிக்கத்தான் அந்தத் தேயிலைக் குச்சிகளைக் கொண்டுவருவார்கள்; நாங்கள் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். மேலே மானாப்புல், அதற்கு மேலே உரப்பை, கடைசியில் தறப்பாள். இந்த முறை தரையின் விளிம்பைக் கூரைக்கு உள்ளே தள்ளி, நாலு மூலையையும் மடித்து உயர்த்தி, தாம்பாளம் போல விளிம்பு நிற்கும்படி கட்டினேன். நடந்தால் அடியில் மிலாறு நெளியும், நறநறவென்று சத்தம் வரும். ஆனால் காய்ந்திருந்தது. இரண்டு மழை அடித்தும் காய்ந்தே இருந்தது. எத்தனை தடவை கையை வைத்துப் பார்த்திருப்பேனோ.

தங்கைக்கு வலி கண்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை. நல்ல எடை, நல்ல தொண்டை. அவர்கள் திரும்பி வருவதற்கு முதல் நாள்தான் கூடாரங்களைப் பார்க்க ஓர் அதிகாரி மைதானத்துக்கு வந்தார்.

தோட்டத்தில் பழைய குவாட்டர்ஸ் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, சில அறைகளைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. சீமெந்துத் தரை, கதவு, ஓடு. மிகவும் கஷ்டப்படுகிறவர்களுக்கு முதலில் என்று ஏற்பாடு. கைப்பிள்ளையோடு இருக்கிற எங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று நான் நிச்சயமாக இருந்தேன். காலையிலேயே அப்பாவைக் குளிக்க வைத்தேன். கூடாரத்தைக் கூட்டித் துடைத்தேன். வருகிறவரை நல்லபடியாக வரவேற்க வேண்டும் அல்லவா? என் புத்தியை என்னவென்று சொல்வது!

அதிகாரி சின்ன வயதுக்காரர், யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேறு எந்தக் கூடாரத்திலும் அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் சேறு. தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“நல்ல வடிவாப் போட்டிருக்கிறியள். கொஞ்சமும் ஈரமில்லை” என்றார்.

அவர் சொன்னதுமே, துடைத்துக் காட்டியது தப்பு என்று எனக்குப் புரிந்தது. “நாளைக்கு தங்கச்சி புள்ளையோட வாறாங்க, ஐயா. மொதப் புள்ள சளியில போயிருச்சு. எங்களுக்கு ஒரு ரூம் குடுங்க” என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

“அக்கா, அங்கால மூண்டு பிள்ளையளோட ஒரு குடும்பம் சேத்துக்குள்ள படுக்குது. இன்னொரு இடத்தில ஒரு வயசாளி தண்ணியில கிடக்கிறார். அவையளை விட்டுட்டு உங்களுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ.”

அவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தீர்த்திருப்பேன். நியாயமாகப் பேசி என் வாயை அடைத்துவிட்டார். “அடுத்த முறை கட்டாயம் பாப்பம்” என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அந்த அறைகளோடு அறைகள் முடிந்தன. அடுத்த முறை வரவில்லை.

அவர் போன பிறகு அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “பிச்சிப் போட்டுருவோமா? நாளைக்கு வந்து பாத்தா குடுப்பாங்களோ என்னமோ.”

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து மூலைக் கயிற்றைப் பிடித்தேன். ஒரு இழுப்புப் போதும். ஆனால் மறுபடியும் வந்து பார்ப்பார்களா? பார்க்காவிட்டால் நாளைக்கு வருகிற பிள்ளையை எங்கே கிடத்துவது? கயிற்றைப் பிடித்தபடியே நின்று, விட்டுவிட்டேன். என் கையாலேயே எங்களுக்கு வழியை அடைத்துவிட்டேன் என்று ஒரே நினைப்பாக இருந்தது. இன்றைக்கும் அந்த நினைப்பு போகவில்லை.

தங்கை வந்து இறங்கியதும் முதலில் தரையில்தான் கையை வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “ஈரமே இல்லக்கா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அறை விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது. நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, குழாயடியில் நின்று அழுதேன்.

பிள்ளைக்குச் சளி கட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தரையில் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், மிலாறு நெளிய நெளியத் தள்ளாடி நடக்கவும் பழகினாள். பழைய தறப்பாள் வெயிலில் பொடிந்து உதிர, எங்கோ பிடித்து இன்னொன்று வாங்கி மேலே போட்டோம். அடியில் மிலாறு உளுத்துப் போனால் புதிதாகச் சுமந்து வந்து அடுக்குகிறோம். லயத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றும் யாரும் சொல்வதில்லை, புது வீடு என்றும் யாரும் சொல்வதில்லை. முதலில் கேட்டுக்கொண்டிருந்தோம், இப்போது கேட்பதுமில்லை.

போன மாதம் கடையில் என்னோடு நிற்கிற பெண் அப்புத்தளையில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவளுடைய மகனுக்குப் பிறந்தநாள். தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைக்குப் புதுக் கவுண், தலையில் ரிப்பன். நல்ல வீடு, வழுவழுவென்று தரை. தங்கை பிள்ளையை இறக்கி விட்டாள். பிள்ளை ஒரு அடி வைத்தாள். கால் புதையவில்லை, தரை நெளியவில்லை, சத்தமும் வரவில்லை. குனிந்து பார்த்தாள். இன்னொரு அடி வைத்துப் பயந்துபோய், அப்படியே உட்கார்ந்து வீறிட்டு அழத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பலூனைக் காட்டினார்கள், பிஸ்கட்டைக் கொடுத்தார்கள், அசையவில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டி, தூக்கு தூக்கு என்று கதறினாள்.

“புது எடம், அதான்” என்று வீட்டுக்காரி சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதருகே சொன்னாள்: “அக்கா, இவளுக்கு வீடுன்னா பயமா இருக்குக்கா.”