ஏகாம்பரம் கேட்ட ஒரு பிடி நார்

எங்கள் தொழிலில் மூக்கும் மனசும் உள்ளவன் பாடு திண்டாட்டம். புத்தூருக்குப் பக்கத்தில் ஷெட். தார் வெட்டியபின் தோட்டத்தில் வீணாகக் கிடக்கும் வாழைத்தண்டை உரித்து நாரெடுப்போம். மிஞ்சிய சக்கையை வேகவைத்து, நொதி சேர்த்துச் சர்க்கரைப்பாகு ஆக்குவோம். கழிவோடு மல்லுக்கட்டும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

வாசனை பிடித்து வந்தவர்

பாகைத் தொட்டியில் கூடுதலாக விட்டுவைத்தால் புளித்துவிடும். அப்படிப் புளித்த ஒருநாள், சாராயம் காய்ச்சுகிறோம் என்று கான்ஸ்டபிள் ஒருவர் வந்து நின்றார். தண்டிலிருந்து எடுத்த சர்க்கரை என்றால் நம்பவில்லை. மிஷின் ஓட்டும் கஸ்தூரியக்கா பக்கத்துத் தொட்டியிலிருந்து புதுப்பாகை ஒரு கரண்டி நீட்டினார். நக்கிப் பார்த்த கான்ஸ்டபிளின் முகம் மாறியது. "இத்தினி வருஷமா இத்தயா வரப்புல போட்டு அழுக வெச்சிக்கினு இருந்தோம்?"

காற்றுக்குப் பிறகு

எங்களுக்குத் தண்டு கொடுக்கும் விவசாயி ஏகாம்பரம். முதல் தாரைத் திருமலைக்குச் சுமந்துபோவதாக வேண்டிக்கொண்டிருந்தார். தார் முற்றுவதற்குள் சூறைக்காற்று தோட்டத்தையே சாய்த்துவிட்டது.

தண்டு வாடுவதற்குள் உரிக்காவிட்டால் நார் கறுத்துவிடும். டிராக்டரோடு ஓடினேன். அவரோ வேரறுந்த மரங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிஞ்சுத்தாரோடு வாழையை வெட்டுவது அங்கே பாவம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இனிமே இது எங்க பிழைக்கப் போகுது?" என்றேன். கையில் கழியோடு நிமிர்ந்தார். "புள்ளத்தாச்சி சார். செத்துப்போச்சின்னு நீங்க சொல்லிடலாம், நான் எப்படி சொல்றது?"

ஒரு பிடி

வெறும் டிராக்டரோடு திரும்பினேன். மறுநாள் இலைகள் தொங்கிப்போனதும் அவரே வெட்டி எடுத்துவந்தார். கண்கள் சிவந்திருந்தன. பாதி நார் கறுத்துவிட்டது. மீதியைக் கஸ்தூரியக்கா தனியாக அலசிக் காயப்போட்டார். பருத்தியோடு சேர்த்து நெய்ய நகரியில் தறிக்காரர் காத்திருந்தார்.

நார் காய்ந்ததும் ஏகாம்பரம் வந்தார். கொடியில் தொங்கிய நாரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பிடி கேட்டார். மாலை கட்டவாம். தார் சுமந்திருக்க வேண்டிய தோளில் அந்த நாரைப் போட்டுக்கொண்டார். "மொத தாரு தரேன்னு வேண்டிக்கினேன். அத்த அவரே காத்துல வாங்கிக்கினாரு. இதுல பூ கட்டி, மலையேற்ற அலிபிரி படியில வெச்சிட்டு, மறுபடியும் கன்னு நடறேன், இந்த வாட்டியாவது விட்டுக் குடு சாமின்னு கேட்டுட்டு வரேன்."

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். வாசலில் 'வாழைக்கழிவு வாங்கப்படும்' என்று பலகை மாட்டியிருக்கும் எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.