ஆறு வீட்டுப் பனி

நியூ ஜெர்சியில் எங்கள் ஊருக்கு முன்பு பெயர் ஒன்று, நகராட்சி இரண்டு. எல்லைக்கோடு என் வீட்டு வேலியை ஒட்டி ஓடும். பனி வாரும் வண்டி அதுவரை வந்து திரும்பிப் போய்விடும். பிறகு ஓட்டுப் போட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். போலீஸ், குப்பை வண்டி, பெயர்ப்பலகை எல்லாம் ஒன்றாயின. நடைபாதை மட்டும் பழைய எல்லையிலேயே நின்றது. அதற்கப்பால் ஆறு வீடுகள் தாண்டித்தான் மறுபடி தொடங்கும்.

கார் இருந்தவரை எனக்கு அது கண்ணில் படவில்லை. இரண்டாவது முறை வலிப்பு வந்ததும் டாக்டர் கார் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை இருபது நிமிட நடை. அந்த ஆறு வீட்டுத் தூரம் மட்டும் கார்கள் பறக்கும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

"நான் டெய்லி டிராப் பண்றேன், இல்லன்னா வேலைய விட்டுடு," என்றார் கணவர்.

"நான் என்ன பார்சலா?" என்றேன். எனக்கு ஆத்திரம் வந்தால் அடங்காது. அந்த வாரமே நடைபாதை கேட்டு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே உறுப்பினரான ஓர் அம்மாள் பட்டியலைப் புரட்டிவிட்டு, நடைபாதை வரப்போகும் ஆறு வீட்டுக்காரர்களின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். சென்னைக்கார ஆன்ட்டி, தனியாக இருப்பவர். முகம் தெரியும், பேசியதில்லை.

"நடைபாதை வந்தா அதுல விழற பனிய நான்தான் தள்ளணும். ரூல் அப்படி. என் முட்டிய வச்சிக்கிட்டு முடியுமா? அதுவும் கேக்கறது நீ, உன் வீட்டுப் பனியெல்லாம் என் பக்கம் தள்றவ."

உண்மைதான். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஊர் என்ற நினைப்பில் வருஷக்கணக்காகத் தள்ளியிருக்கிறேன்.

"தப்புதான் ஆன்ட்டி. இனிமே உங்க பனிய நான் தள்றேன்."

"மத்த அஞ்சு வீடு?"

"அதையும்தான்."

என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். "தனியா போனா ஒருத்தரும் போட மாட்டாங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

நடைபாதை போட ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு கூட்டத்தையும் நான் விடவில்லை.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி அன்று விடியும் முன்பே எழுந்தேன். கடைசி வீட்டில் தொடங்கி, ஆன்ட்டி வாசலுக்கு வரும்போது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கதவு திறந்தது.

"எந்தப் பக்கம் தள்ற?"

"என் பக்கம்தான் ஆன்ட்டி."

உள்ளே போய் ஒரு டம்ளர் காபியோடு வந்தார். குடித்துவிட்டு வேலைக்கு நடந்தே போனேன்.